டிசம்பர் அணிவகுப்புக்காக டேராடூன் பயணம்: ஆறு பேர், நான்கு இரவுகள், எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

பொருநைக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் ஒன்றரை ஆண்டுப் பயிற்சியை முடித்து, வரும் டிசம்பரில் லெப்டினன்டாகப் பொறுப்பேற்கிறான். கல்லூரிப் படிப்பு முடிந்ததும், ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதி, தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சோதனைகளையும் கடந்து, தன் முயற்சியிலேயே அங்கே போய்ச் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் சீருடை அணியும் முதல் ஆள் அவன் என்பதால், அந்த அணிவகுப்பை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே முடிவாக இருக்கிறோம்.

அப்பா, அம்மா, எண்பதை நெருங்கும் ஆச்சி, நான், என் கணவர், எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் என ஆறு பேர் புறப்படுகிறோம். ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில். என் கணவருக்கு மட்டும் ஓரளவு இந்தி தெரியும். வடநாட்டுக் குளிர் எங்களில் யாருக்கும் பழக்கமில்லை.

அணிவகுப்பு வழக்கமாக டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலையில் நடக்கும் என்று தம்பி சொல்கிறான். அங்கே நான்கு இரவுகள் தங்கலாம் என்று நினைக்கிறோம். அதற்குள் முசூரி, ரிஷிகேஷ், ஹரித்துவார், டேராடூன் நகரம் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எந்தப் பகுதியில் அறை எடுப்பது நல்லது? அப்பாவுக்கு வேட்டி சட்டைதான் பழக்கம். அது அங்கே சரிவருமா?

எல்லாவற்றையும்விட ஆச்சியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறோம். அம்மா ஆசிரியையாக வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் தம்பியை வளர்த்தது ஆச்சிதான். அணிவகுப்பு முடிந்ததும், அதிகாரியானதன் அடையாளமாகத் தோளில் நட்சத்திரம் ஏற்றும் நேரத்தில் ஆச்சியும் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அந்தக் குளிரிலும் கூட்டத்திலும் அதற்கு வழி உண்டா? போய்வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மதுரை அம்மா எழுதுகிறார்:

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் தம்பிக்கும் பெற்றோருக்கும் ஆச்சிக்கும் என் வாழ்த்துகள். என் மகனும் அதே மைதானத்திலிருந்துதான் அதிகாரியாக வெளியே வந்தான் என்பதால், ஒரு தாயாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். சனிக்கிழமை காலைக்காகத்தான் போகிறீர்கள். மற்ற இடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு உடம்பிலும் நேரத்திலும் மிச்சம் இருப்பதைப் பொறுத்தவை. பரேடு அன்று இருட்டோடு எழுந்து கிளம்ப வேண்டியிருக்கும். சோதனைகளை எல்லாம் கடந்து இருக்கையில் போய் உட்கார்ந்த பிறகும், நிகழ்ச்சி தொடங்கும்வரை குளிரில் காத்திருக்க வேண்டும். முந்தைய நாள் முசூரி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கி, தலை சுற்றலும் வாந்தியுமாக இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்பினால், மறுநாள் காலை பெரியவர்கள் என்ன நிலையில் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமையை ஓய்வுக்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது.

அழைப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கேடட்டுக்கும், அதாவது பயிற்சி பெறுபவருக்கும், எத்தனை விருந்தினர் என்பதற்கு வரம்பு உண்டு. வருகிறவர்களின் விவரங்களை அவர் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். எனவே ஆறு பேரின் பெயரையும், ஆதார் அட்டையில் உள்ளது உள்ளபடியே, இப்போதே தம்பிக்கு அனுப்பிவையுங்கள். நம் ஊரில் ஓர் அட்டையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், ஆச்சிக்குப் பள்ளிச் சான்றே இருக்காது. வாசலில் அடையாளம் பார்க்கிற காவலருக்கு இதையெல்லாம் மொழி தெரியாமல் விளக்கிக்கொண்டு நிற்கும்படி ஆகக் கூடாது. ஆச்சிக்கும் உங்கள் மகளுக்கும் அனுமதி உண்டா, இருக்கை எங்கே, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி கிடைக்குமா என்ற மூன்றையும் தம்பி தன் கம்பெனியின், அதாவது அகாடமியில் அவர் இருக்கும் பிரிவின், அலுவலகத்தில் கேட்டுச் சொல்லட்டும். பயிற்சியின் கடைசி வாரங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதனால் இதை அக்டோபரிலேயே கேட்டுவிடுங்கள்.

குளிரைப் பற்றி. டேராடூனில் டிசம்பர் இரவில் வெப்பநிலை 5, 6 டிகிரி வரை இறங்கும். வெயில் வந்துவிட்டால் பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமாகவே இருக்கும். சிரமம் அதிகாலையில்தான். உள்ளே போடும் தெர்மல் உடையை எல்லோருக்கும் வாங்குங்கள். அம்மா பட்டுச் சேலையே உடுத்தட்டும், உள்ளே தெர்மலும் மேலே நல்ல கம்பளிச் சால்வையும் இருந்தால் போதும். ஆச்சிக்குக் காதை மூடும் குல்லாயும், செருப்புக்குப் பதிலாகக் காலுறையோடு மூடிய காலணியும் கட்டாயம். புதுக் காலணியை அங்கே போய் முதன்முதலாகப் போடாமல், ஒரு மாதம் முன்பே வீட்டில் போட்டு நடந்து பழகச் சொல்லுங்கள்.

நட்சத்திரம் ஏற்றும் நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பெற்றோர் இருவரும் மகனின் இரண்டு பக்கமும் நின்று, ஆளுக்கொரு தோளில் நட்சத்திரம் ஏற்றுவார்கள். அது அணிவகுப்பைப் போல் இறுக்கமான நிகழ்ச்சி இல்லை. கூட்டமும் கண்ணீரும் கட்டிப்பிடித்தலுமாகக் கல்யாண வீடுபோல இருக்கும். ஆச்சிக்கு அனுமதி மட்டும் கிடைத்துவிட்டால், உங்கள் அம்மா தன் பக்கத்துத் தோளை ஆச்சிக்கு விட்டுக்கொடுப்பதோ, இருவரும் சேர்ந்து கை வைப்பதோ உங்கள் குடும்பத்துக்குள் முடிவாகிற விஷயம்.

டூன்வாசி எழுதுகிறார்:

வணக்கம். நான் மத்திய அரசுப் பணியில் பல ஆண்டுகளாக டேராடூனில் குடும்பத்தோடு வசிக்கும் தமிழன். மதுரை அம்மா சொன்ன யாவும் சரியே. ஊரின் அமைப்பைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அகாடமி, நகரின் மேற்கே சக்ராதா சாலையில், பிரேம்நகரை ஒட்டி இருக்கிறது. ரயில் நிலையமும் மணிக்கூண்டும் பல்டன் பஜாரும் நகரின் நடுவே இருக்கின்றன. விடுதிகள் நிறைந்த ராஜ்பூர் சாலையோ முசூரி செல்லும் திசையில், நேர் எதிர்ப்பக்கத்தில் நீள்கிறது. இணையத்தில் படங்களைப் பார்த்து ராஜ்பூர் சாலையில் அறை எடுப்பவர்கள், பரேடு காலையில் முழு நகரத்தையும் குறுக்காகக் கடக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அகாடமிக்கு முன்னால் செல்லும் சாலையில் பொதுப் போக்குவரத்தைத் தடுத்து வேறு வழியில் திருப்பிவிடுவார்கள் என்பதால், பல்லுபூர் சந்திப்பு, அதிலிருந்து பிரியும் ஜி.எம்.எஸ். சாலை, வசந்த் விஹார் ஆகிய இடங்களில் தங்குவதே உங்களுக்கு வசதி. அந்த வாரத்தில் நாடெங்கிலுமிருந்து குடும்பங்கள் வருவதால் நல்ல அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், வாடகையும் ஏறும். ரத்து செய்யக்கூடிய முறையில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது, அதிகாலை நாலு மணிக்கு வெந்நீர் வருமா, அறையை வெப்பமாக்க ஹீட்டர் உண்டா, லிஃப்ட் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள சாதாரண விடுதிகளில் அறைக்குள் வெளியைவிடக் குளிராக இருக்கும்.

டாக்ஸிக்காரரிடம் முந்தைய மாலையே பேசி, சனிக்கிழமை காலைக்கு வண்டியை உறுதி செய்யுங்கள். செயலியில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஒரு காலைக்கு மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஓய்வு என்றாலும் பகல் முழுக்க அறையில் அடைந்திருக்க வேண்டியதில்லை. சக்ராதா சாலையிலேயே, அகாடமிக்குச் செல்லும் வழியில், வன ஆராய்ச்சி நிலையத்தின் வளாகம் இருக்கிறது. 1929இல் திறக்கப்பட்ட அதன் தலைமைக் கட்டடம் கிரேக்க, ரோமானியப் பாணியில் செங்கல்லால் எழுந்த பிரமாண்டம். நீண்ட தூண் வரிசைகளும், முன்னால் விரியும் புல்வெளியும், பின்னால் தெரியும் மலைகளுமாக, படிக்கட்டு ஏறாமலே ஆச்சி உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம். உள்ளே மரக் காட்சியகத்தில் 700 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தேவதாரு மரத்தின் குறுக்குவெட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அதன் வளையங்களில் எந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தேடிப் பார்ப்பதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நேரம் போவதே தெரியாது. அங்கு போய்வருவது சாலையையும் தூரத்தையும் நீங்கள் முன்னதாகவே பார்த்துக்கொண்டதாகவும் ஆகும்.

தப்கேஷ்வர் குகைக்கோயிலும் அருகில்தான். பாறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகச் சிவலிங்கத்தின்மேல் விழும், அழகான தலம். ஆனால் ஓடைக்கரை வரை படி இறங்க வேண்டும் என்பதால் ஆச்சிக்கு ஏற்றதல்ல. கொள்ளையர் குகை எனப்படும் குச்சுபானியில் தண்ணீருக்குள் நடக்க வேண்டும். டிசம்பரில் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது முசூரியா, ரிஷிகேஷா என்ற கேள்வி. டேராடூனிலிருந்து முசூரி சுமார் 35 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 2,000 மீட்டர். ரிஷிகேஷ் சுமார் 45 கிலோமீட்டர். பெரும்பாலும் சமதளமான பாதை. உங்கள் குடும்பத்துக்கு நான் ரிஷிகேஷையே சொல்வேன். அதற்கு உங்கள் ஊரோடு தொடர்புள்ள ஒரு காரணமும் இருக்கிறது. ராம் ஜூலா பாலத்தின் அருகே, முனி கி ரேத்தியில் இருக்கும் சிவானந்த ஆசிரமத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர், 1887இல் உங்கள் பக்கத்துப் பத்தமடையில் பிறந்தவர். மலேயாவில் மருத்துவராக இருந்து, 1924இல் ரிஷிகேஷ் வந்து துறவு பூண்டு, 1936இல் தெய்விக வாழ்க்கைச் சங்கத்தை ஏற்படுத்தினார். அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற ஆச்சிக்கு, இமயத்தின் அடிவாரத்தில் கங்கைக் கரையில் பத்தமடைக்காரர் ஒருவர் நிறுவிய ஆசிரமத்தில் அமர்ந்திருப்பது முசூரியின் கம்பிவட ஊர்தியைவிட நிறைவாக இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வுபெற்ற சுபேதார் எழுதுகிறார்:

வணக்கம் அம்மா. ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அன்று காலை நீங்கள் பார்க்கப்போவது என்ன என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். வந்திருக்கும் பலர் கைத்தட்டுகிறார்களே தவிர, எதற்காக என்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். அப்பாவுக்கும் ஆச்சிக்கும் முன்பே விளக்கி வையுங்கள்.

இந்த அகாடமி 1932 அக்டோபரில் 40 பேரோடு தொடங்கியது. அந்த முதல் அணியில் ஒருவர்தான் பின்னாளில் ஃபீல்டு மார்ஷல் ஆன மானெக்‌ஷா. ஓய்வுக்குப் பிறகு நம் குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்து, ஊட்டியில் அடக்கமானவர். அணிவகுப்பு நடக்கும் மைதானத்தின் பின்னணியில் தெரியும் நீண்ட கட்டடம் செட்வுட் கட்டடம். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில், உன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து, உன் சொந்த வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில் என்று 1932இல் அப்போதைய தலைமைத் தளபதி செட்வுட் சொன்ன வாசகம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் அந்த இரண்டாவது வரியின் மறுமுனையில் இருந்தவர்கள். அதைக் காப்பாற்றிய அதிகாரிகளின் கீழ் பணிசெய்த பேறு எனக்குக் கிடைத்தது. உங்கள் தம்பி அதை மனப்பாடமாகச் சொல்வார். பொருளைக் கேட்டுப் பாருங்கள்.

அணிவகுப்பைப் பார்வையிட்டு, வீரவாளும் பதக்கங்களும் வழங்கி, தலைமை விருந்தினர் பேசி முடித்தபின் வருவதே உச்சம். கேடட்டுகள் மெதுநடையில் வரிசையாக வந்து செட்வுட் கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே செல்வார்கள். அதற்கு ‘அந்திம் பக்’, அதாவது இறுதி அடி, என்று பெயர். அந்தப் படியைக் கடந்தால் பயிற்சி முடிந்தது. எங்கள் பிள்ளை எங்கே, எத்தனையாவது ஆள் என்று தேடுவதிலேயே பலருக்கு அந்த நிமிடங்கள் கழிந்துவிடும். எல்லோரும் ஒரே உடை, ஒரே உயரம்போலத் தெரியும். எந்தக் கம்பெனி, எந்த வரிசை, ஓரத்திலா நடுவிலா என்று தம்பியிடம் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றி. அழைப்போடு வரும் குறிப்பில் உடைக்கென்று ஒரு வரி இருக்கும்; அதுவே முடிவு. உங்கள் அப்பாவுக்கு வேட்டியின்மேல் உள்ள பற்றை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதிகாலைக் குளிர் வேட்டிக்குள் நேராக ஏறும் என்பதாலும், மாலையில் அதிகாரிகள் மெஸ்ஸில் ஏதேனும் விருந்துக்கு அழைப்பு இருந்தால் அங்கே உடைவிதி கண்டிப்பானது என்பதாலும், ஒரு கம்பளி பேண்ட், முழுக்கைச் சட்டை, கோட்டு, டை, தோல் காலணி ஆகியவற்றைத் தயார் செய்துகொள்வது நல்லது. வேட்டியை ஞாயிற்றுக்கிழமை கங்கைக்கரைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கைப்பேசி, கேமரா, கைப்பை ஆகியவற்றை எதுவரை கொண்டுபோகலாம் என்பதும் அந்தக் குறிப்பிலேயே இருக்கும். கைப்பேசியை வெளியே வைக்கும்படி ஆனாலும் ஒருவரையொருவர் தேடாமல் இருக்க, நிகழ்ச்சி முடிந்ததும் எந்த இடத்தில் சந்திப்பது என்று ஆறு பேரும் தம்பியும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் மாத்திரைகள் யார் சட்டைப்பையில் இருக்கும் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சனிக்கிழமை பிற்பகலில் தம்பிக்கு வேலை மிச்சம் இருக்கும். கொடுத்த சாமான்களை ஒப்படைப்பது, கறுப்பு இரும்புப் பெட்டியில் மீதியை அடுக்கிப் பூட்டுவது, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் பழைய எண்ணை அழித்துப் பதவியும் பெயரும் எழுதுவது, நண்பர்களிடம் விடைபெறுவது என்று மாலை ஆகிவிடலாம். அந்தப் பெட்டியோடு ஏழு பேர் ஒரு காரில் ஏற முடியாது. பெட்டியை நேராக அவர் சேரப்போகும் ரெஜிமென்டுக்கு அனுப்புகிறாரா, ஊருக்குக் கொண்டுவருகிறாரா என்று கேட்டுவிட்டு வண்டியைப் பேசுங்கள். முகத்தில் தூக்கம் இல்லாமல் வருவார். அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டுத் தூங்க விடுங்கள்.

பொருநைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் அப்பாவுக்கும் ஆச்சிக்கும் படித்துக் காட்டினேன். பத்தமடைப் பெயரைக் கேட்டதும் ஆச்சி முடிவே செய்துவிட்டார்கள். முசூரியை விட்டுவிட்டோம். வியாழன் மாலைக்குள் டேராடூன் சேர்வது, வெள்ளி பகலில் வன ஆராய்ச்சி நிலையம் மட்டும், சனி முழுக்கத் தம்பிக்கு, ஞாயிறு காலை அவனையும் அழைத்துக்கொண்டு ரிஷிகேஷ், அங்கேயே இரவு தங்கல், திங்கள் திரும்புதல் என்று வைத்திருக்கிறோம். வேட்டியையும் கங்கைக்கரைக்கு என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் டெல்லி வந்து மாறுவதா, விமானமா? மகளுக்கு அரையாண்டுத் தேர்வு அதே வாரத்தில் தொடங்கக்கூடும். அவளை விட்டுவிட்டு வர மனமில்லை.

டூன்வாசி:

ரயில் என்றால் கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் உங்கள் வழியாகவே டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீன் வரும். ஆனால் அது வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே ஓடுவது, ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் அந்த நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். டெல்லியிலிருந்து டேராடூனுக்குக் காலையில் சதாப்தி, பிற்பகலில் ஜன சதாப்தி, மாலையில் ஆனந்த் விஹாரிலிருந்து வந்தே பாரத் இருக்கின்றன. டிசம்பரில் வடக்கே மூடுபனி தொடங்கினால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். இறங்கிய அன்றே மாறுவதாக வைக்காமல், டெல்லியில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை சதாப்தியில் வாருங்கள். ஆச்சியின் வயதைப் பார்த்தால், போகும்போதாவது டெல்லி வரை விமானத்தில் வருவதே நல்லது என்பேன்.

திரும்புவதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜாலி கிராண்ட் விமான நிலையம் டேராடூனுக்கும் ரிஷிகேஷுக்கும் இடையில் இருக்கிறது; ரிஷிகேஷிலிருந்து நேரே அங்கே போய்விடலாம். ரயிலில் திரும்பினாலும் டேராடூன் வர வேண்டாம். டெல்லி செல்லும் ரயில்கள் ஹரித்துவார் வழியாகத்தான் போகின்றன, ரிஷிகேஷிலிருந்து அது சுமார் 25 கிலோமீட்டர். ஞாயிறு மாலை ஹரித்துவாரின் ஹர் கி பௌரி படித்துறையில் கங்கை ஆரத்தியைப் பார்க்க விரும்பினால் இரவு ஹரித்துவாரில் தங்கிக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் ஐந்தேகால் மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதால், நாலரைக்குள் படித்துறைக்குப் போனால்தான் ஆச்சிக்கு உட்கார இடம் கிடைக்கும்.

மதுரை அம்மா:

தேர்வைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அழைப்பிதழ் கையில் வந்ததும் அதன் நகலோடு தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். தாய்மாமன் ராணுவ அதிகாரியாகப் பொறுப்பேற்பதைப் பார்க்கப் போகிறாள் என்றால், விடுபட்ட தாளைப் பிறகு எழுதவைக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வரும். நவம்பர் கடைசி வரை காத்திருக்காமல், கால அட்டவணை வெளிவரும் முன்பே பேசுங்கள். பாடப் புத்தகங்களைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். டெல்லியில் பனி விலகக் காத்திருக்கும் நேரத்தில் படிப்பாள்.